ஒப்பரேஷனுக்கும் ஒரு செக்ரோல்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் செக்ரோல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் பிரட்டுக்களத்தில் பேர் போடுவதும், மாலையில் கொழுந்து நிறுத்துக் கிலோவை எழுதுவதும், மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிச் சம்பளம் போடுவதும் நமக்குப் பழகிப்போன காரியங்கள். செக்ரோலில் பேர் விழவில்லை என்றால், நாள் முழுக்க மழையில் நனைந்து கொழுந்து எடுத்ததற்கும் சாட்சி கிடையாது.

ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒரு செக்ரோல் இருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அதற்கு நோயாளர் பதிவேடு என்று பெயர். ஒரு குறிப்பிட்ட நோய்க்கு அல்லது ஒரு குறிப்பிட்ட சத்திரசிகிச்சைக்கு வந்த ஒவ்வொருவரையும் அதில் எழுதுவார்கள். எழுதிவிட்டு மூடி வைப்பதில்லை. அந்த ஆளுக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் தேடி எழுதுவார்கள். இதனால் நமக்கு என்ன லாபம், இதில் நம் பங்கு என்ன என்பதை இந்த இதழில் விளக்கலாம் என்று நினைக்கிறோம். எல்லா ஒப்பரேஷனையும் பற்றி ஒரே நேரத்தில் பேச முடியாது. ஆகவே நம் தோட்டங்களில் வயதானவர்கள் அதிகம் செய்துகொள்ளும் கண் ஒப்பரேஷனையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு பாட்டிக்கு நடந்தது

எங்கள் பகுதித் தோட்டம் ஒன்றில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. இதைத்தான் டொக்டர்மார் கெட்டரெக்ட் என்பார்கள். கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை வயதானதால் மங்கிப்போகும். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிறிய செயற்கை லென்ஸ் ஒன்றை வைப்பார்கள். அந்த அம்மாவுக்கும் ஒரு கண்ணில் அப்படிச் செய்தார்கள். மறுநாள் கட்டை அவிழ்த்ததும், “பேரப்புள்ள மொகம் பளிச்சுன்னு தெரியுது” என்று சந்தோசப்பட்டார். டிக்கட் வெட்டி, சொட்டு மருந்தும் கொடுத்து, ஒரு வாரத்தில் கிளினிக்குக்கு வரச்சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் போகவில்லை. துணைக்கு மகள் போக வேண்டும். போனால் மகளுக்கு அன்றைய பேர் போய்விடும். பஸ் காசும் வேண்டும். “கண்ணுதான் நல்லா தெரியுதே, இன்னும் என்னாத்துக்கு கிளினிக்கு?” என்று வீட்டில் இருந்துவிட்டார். இரண்டு நாள் கழிந்ததும் கண் சிவந்தது, வலியும் வந்தது. பக்கத்துக் காம்பராவில் இருந்த வேறு யாருடையதோ ஒரு சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தார்கள். எங்களுக்குத் தகவல் கிடைத்து வேறொரு ஆஸ்பத்திரிக்கு அவசரமாக அனுப்பியபோது மேலும் சில நாட்கள் போயிருந்தன. கண் தப்பியது. ஆனால் பார்வை பழையபடி திரும்பவில்லை.

அந்த வாரம் நாங்களும் லயத்துப் பக்கம் போய் விசாரிக்கவில்லை. அது எங்கள் பக்கத்துப் பிழை. அதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒப்பரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கும்? ‘லென்ஸ் வைத்தோம், மறுநாள் நல்ல பார்வை, வீட்டுக்கு அனுப்பினோம்’ என்றுதான் இருக்கும். அந்தப் புத்தகத்தைப் பொறுத்தவரை அது நல்லபடி முடிந்த ஒப்பரேஷன். கெட்டுப்போனது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தெரியாத ஒன்றை எப்படித் திருத்துவார்கள்?

பதிவேட்டுக்கு மூன்று சட்டங்கள்

நல்ல பதிவேடு ஒன்றுக்கு மூன்று காரியங்கள் வேண்டும். மூன்றையும் நம் செக்ரோலோடு ஒப்பிட்டால் சுலபமாக விளங்கும்.

முதலாவது, ஒருவர் விடாமல் எல்லாரையும் எழுத வேண்டும். நல்லாப் போனவர்களை மட்டும் எழுதிவிட்டு மற்றவர்களை விட்டால் அது பொய்க்கணக்கு.

இரண்டாவது, எல்லாரிடமும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்க வேண்டும். ஒரு மடுவத்தில் ஒரு தராசும், அடுத்த மடுவத்தில் வேறு மாதிரித் தராசும் இருந்தால் கிலோவை எப்படி ஒப்பிடுவது? அதனால்தான் கண் ஒப்பரேஷனுக்கு முன்பும் பின்பும் அதே எழுத்துப் பலகையை, அதே தூரத்தில் வைத்துப் படிக்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது, முடிவைப் பார்த்து எழுத வேண்டும். ஒப்பரேஷன் அன்று என்ன நடந்தது என்பது பாதிக்கணக்குத்தான். ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் கண் எப்படி இருக்கிறது என்பதுதான் முழுக்கணக்கு. நம் பாட்டி விடுபட்டுப்போனது இந்த மூன்றாவது இடத்தில்தான்.

இப்படி எழுதிய கணக்கை, ஒப்பரேஷன் செய்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் திரும்பக் காட்ட வேண்டும். அப்போதுதான் எங்கே பிழை வருகிறது என்று கூடிப் பேசித் திருத்த முடியும்.

மதுரையில் கண்ட கணக்கு

கணக்கு எழுதிக் கண்களைக் காப்பாற்றிய கதைக்குத் தூரம் போக வேண்டியதில்லை. நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை என்று ஒன்று உண்டு. அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற கண் வைத்தியர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் 11 கட்டில்களோடு அதை ஆரம்பித்தார். இன்று அது பல ஊர்களில் கிளைகளோடு உலகத்திலேயே மிக அதிகமாகக் கண் ஒப்பரேஷன் செய்யும் நிறுவனங்களில் ஒன்று. ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த காசுக்கும் செய்கிறார்கள். ஒவ்வொரு ஒப்பரேஷனையும், அதில் வந்த சிக்கலையும் எழுதிவைத்துத் திரும்பத் திரும்பப் பார்ப்பது அங்கே வழக்கம்.

கண் ஒப்பரேஷனில் டொக்டர்மார் மிகவும் பயப்படுவது கண்ணுக்குள் கிருமி போய்விடுவதைத்தான். அபூர்வமாகத்தான் வரும். வந்தால் பார்வையே போகலாம். ஒப்பரேஷன் முடிகிற நேரத்தில் மொக்ஸிபுளொக்சசின் என்ற கிருமிகொல்லி மருந்தைக் கொஞ்சம் கண்ணுக்குள்ளேயே விட்டால் இது குறையுமா என்று அரவிந்த் வைத்தியர்கள் பார்க்க நினைத்தார்கள். தங்கள் ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பரேஷன்களின் கணக்கை எடுத்தார்கள். முடிவை 2017இல் வெளியிட்டார்கள். மருந்து விடாத சுமார் 3 லட்சம் பேரில், 10,000 பேருக்கு 7 பேர் என்ற அளவில் கிருமி போயிருந்தது. மருந்து விட்ட சுமார் 3 லட்சம் பேரில், 10,000 பேருக்கு 2 பேர் என்ற அளவுக்குக் குறைந்திருந்தது.

‘10,000த்தில் ஐந்து பேர்தானே குறைந்தது’ என்று நினைக்க வேண்டாம். 3 லட்சம் பேரில் அது ஏறக்குறைய 150 கண்கள்.

இதை ஒரு தனி வைத்தியர் தன் அனுபவத்தால் கண்டுபிடித்திருக்க முடியுமா? வருடத்துக்கு 500 ஒப்பரேஷன் செய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 10,000த்துக்கு 7 என்றால், அவர் கையில் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் இப்படி ஒரு கண்ணைப் பார்ப்பார். ‘அது அந்த ஆளின் கெட்ட நேரம்’ என்றுதான் அவருக்குத் தோன்றும். எத்தனை கெட்டிக்கார வைத்தியராக இருந்தாலும் ஞாபகத்தை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. லட்சக்கணக்கானவர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் தெரியும். அந்த வரிசையில் ஒவ்வொரு கிழவனும் கிழவியும் ஒரு வரி. கிளினிக்குக்குத் திரும்பி வந்து கண்ணைக் காட்டியவர்கள் வந்ததால்தான் அந்தக் கணக்கு உண்டானது.

சுவீடன் நாட்டிலும் இதே போல 1992 முதல் நாடு முழுவதற்கும் கெட்டரெக்ட் ஒப்பரேஷனுக்கென்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். முழங்காலுக்குச் செயற்கை மூட்டு வைப்பவர்களை 1975 முதலும், இடுப்புக்கு வைப்பவர்களை 1979 முதலும் அங்கே எழுதிவருகிறார்கள். எந்த மூட்டு அதிக காலம் உழைக்கிறது, எது சீக்கிரம் கழன்று மறு ஒப்பரேஷன் கேட்கிறது என்பதை அந்தக் கணக்கு காட்டிக்கொடுத்தது. அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இப்படி எழுதி வந்த பதிவேடுகளில், உலோகத்தால் செய்த ஒரு வகை இடுப்பு மூட்டு அளவுக்கு மிஞ்சிக் கெட்டுப்போவது தெரியவந்தது. 2010இல் அதை உலகம் முழுவதும் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். அதற்குள் சுமார் 93,000 பேருக்கு அதை வைத்துவிட்டிருந்தார்கள். பதிவேடு இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை பேருக்கு வைத்திருப்பார்களோ!

நுவரெலியாவில் நடந்தது

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2023 ஏப்ரல் மாதத்தில், நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண் ஒப்பரேஷன் செய்துகொண்ட சிலருக்குக் கண்ணில் கடும் பாதிப்பு ஏற்பட்டது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பார்வை இழந்ததாகவும் செய்திகள் வந்தன. அதே காலத்தில் கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையிலும் அப்படிப்பட்ட நோயாளர்கள் இருந்தார்கள். ஒப்பரேஷனுக்குப் பின்பு விடுகிற பிரெட்னிசோலோன் என்ற இந்தியத் தயாரிப்புச் சொட்டு மருந்தின் மேல் சந்தேகம் விழுந்தது. அந்த மருந்தைப் பாவனையிலிருந்து விலக்கினார்கள்.

இதில் நாம் படிக்க வேண்டிய பாடம் என்ன? ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று பேருக்குக் கண் கெட்டால், அங்கே ஏதோ பிழை என்றுதான் முதலில் நினைப்பார்கள். வேறு ஆஸ்பத்திரியிலும் அப்படி நடந்திருக்கிறது, எல்லாருக்கும் ஒரே மருந்து போயிருக்கிறது என்று சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் பிடிபடும். சேர்த்துப் பார்ப்பதற்கு எழுத்து வேண்டும். யாருக்கு, எந்தத் தேதியில், எந்த மருந்து, போத்தலில் என்ன தொகுதி இலக்கம் என்று எழுதியிருக்க வேண்டும்.

அதே 2023இல் அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. இந்தியாவிலிருந்து போன ஒரு கண் சொட்டு மருந்தில் கிருமி இருந்தது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 4 பேர் இறந்துபோனார்கள். இத்தனை மாநிலங்களில் சிதறிக் கிடந்தவர்களை ஒரே வரிசையில் எழுதி, ‘என்ன மருந்து விட்டீர்கள்’ என்று ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டதால்தான் அந்த மருந்து பிடிபட்டது.

குறை பிடிக்கவா இந்தக் கணக்கு?

‘அப்படியென்றால் எந்த டொக்டர் நல்லவர், எந்த ஆஸ்பத்திரி மோசம் என்று சொல்லத்தானே இந்தப் பதிவேடு?’ என்று சிலர் கேட்கக்கூடும். அப்படி அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கவ்வாத்து வெட்டி எழும்பி, தளதளவென்று கொழுந்து நிற்கிற மலையில் ஒரு கங்காணியின் ஆட்கள் எடுக்கிறார்கள். கல்லும் கானும் நிறைந்த கிழட்டு மலையில் இன்னொரு கங்காணியின் ஆட்கள் எடுக்கிறார்கள். மாலையில் கிலோவை மட்டும் பார்த்து, ‘இவர்கள் சோம்பேறிகள்’ என்று சொன்னால் நாம் சும்மா விடுவோமா? ‘மலையைப் பாருங்க ஐயா’ என்போம்.

ஆஸ்பத்திரிக்கும் அதே நியாயம்தான். கஷ்டமான நோயாளர்களைச் சின்ன ஆஸ்பத்திரிகளிலிருந்து கண்டி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே சிக்கல் கூடுதலாக இருந்தால் அது வைத்தியரின் பிழை என்று சொல்ல முடியாது. அதனால்தான் பதிவேட்டில் வயது, சீனி வருத்தம், பிரஷர், எவ்வளவு முற்றிய நிலையில் வந்தார் என்பதையெல்லாம் சேர்த்து எழுதுகிறார்கள். மலையைப் பார்த்துக் கிலோவை மதிப்பது போல, நோயாளரின் நிலையைப் பார்த்து முடிவை மதிக்கிறார்கள். ஆகவே கேட்கிற கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும். சீனி வருத்தம் இருப்பதைச் சொன்னால் ஒப்பரேஷன் செய்யமாட்டார்கள் என்று பயந்து மறைப்பவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். மறைத்தால் முதலில் ஆபத்து நமக்குத்தான்.

யாரையும் தண்டிக்காமல் கணக்கெடுத்துத் திருத்துவதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. பிரசவத்தோடு தொடர்பாக ஒரு தாய் இறந்தால், அதைக் கட்டாயம் அறிவித்து, ஏன் நடந்தது, எங்கே தாமதமானது என்று விசாரிக்கும் முறை இலங்கையில் 1980களிலிருந்து இருக்கிறது. வீட்டில் தாமதமா, வாகனம் கிடைக்கவில்லையா, ஆஸ்பத்திரியில் இரத்தம் இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். 1940களின் நடுப்பகுதியில் நம் நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் பெரும்பாலான வருடங்களில் அது சுமார் 30 அளவில் இருக்கிறது. மருத்துவமாது வீடு வீடாக வந்ததும், ஆஸ்பத்திரிகள் பெருகியதும், படிப்பும் இதற்குப் பெரிய காரணங்கள். ஒவ்வொரு மரணத்தையும் எழுதி, மறந்துவிடாமல் விசாரித்ததும் அதில் ஒரு காரணம். கர்ப்பிணித் தாயின் அட்டையை மருத்துவமாது ஏன் அத்தனை கவனமாக எழுதுகிறார் என்பது இப்போது விளங்கும்.

நம் பக்கத்து வேலை

பதிவேடு எழுதுவது வைத்தியசாலையின் வேலை. அதில் நம் வரி விடுபடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை. கீழே சொல்வதை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

1. ஒப்பரேஷன் நல்லாப் போனாலும் கிளினிக் தேதிக்குப் போக வேண்டும். ‘நல்லா இருக்கிறது’ என்பதும் எழுத வேண்டிய கணக்குத்தான்.

2. கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு வலி கூடினால், கண் சிவந்தால், பீளை வடிந்தால், தெரிந்த பார்வை மங்கினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவானாலும் தோட்டத்து மருத்துவ உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், முதலில் எங்கே ஒப்பரேஷன் செய்தது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

3. டிக்கட் வெட்டும்போது தரும் கார்டையும் கிளினிக் கொப்பியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள். அடையாள அட்டையோடு சேர்த்து வைத்தால் தேட வேண்டியிருக்காது. வைத்த லென்ஸின் விபரமும் கார்டில் இருக்கக்கூடும். அடுத்த கண்ணுக்கு ஒப்பரேஷன் செய்யும்போது அது உதவும்.

4. பேரை ஒரே மாதிரிச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு லயத்தில் ஒரு பேர், செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர். ‘மாரியாயி’ ஓரிடத்தில் ‘மாரியாய்’ ஆகிறார், அடுத்த இடத்தில் ‘மாரியம்மா’ ஆகிறார். பதிவேட்டில் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். ஆஸ்பத்திரிக்கு எப்போதும் அடையாள அட்டையில் உள்ள பேரையே கொடுங்கள். கார்டில் இலக்கம் தந்திருந்தால் அதையும் காட்டுங்கள்.

5. சொட்டு மருந்துப் போத்தலையும் அதன் பெட்டியையும் கிளினிக் முடியும்வரை எறிய வேண்டாம். ஒருவரின் மருந்தை இன்னொருவர் விடக்கூடாது. தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ கண்ணில் விடவே கூடாது.

6. சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போவது நல்லது. கேட்ட கேள்வி விளங்காமல் தலையாட்டினால், அதுவும் தப்பாகத்தான் எழுதப்படும். விளங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் திரும்பக் கேளுங்கள்.

தோட்ட நிர்வாகத்தினரிடமும், தோட்டத் தலைவர்மாரிடமும் ஒரு வேண்டுகோள். ஒப்பரேஷன் செய்த பெரியவரை முதல் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிற மகனுக்கோ மகளுக்கோ அன்றைய பேர் போகாமல், குறைந்தது அரைப்பேராவது கிடைக்க வழி செய்ய முடியுமா என்று கூடிப் பேசுங்கள். ஒரு கண்ணின் விலைக்கு முன்னால் அது பெரிய செலவில்லை.

எங்கள் பக்கமும் ஒரு காரியம் ஆரம்பித்திருக்கிறோம். தோட்டத்தில் ஒப்பரேஷன் செய்துகொண்டு வருகிறவர்களின் பேர், தேதி, அடுத்த கிளினிக் நாள் ஆகியவற்றை நலன்புரி அலுவலகத்தில் ஒரு கொப்பியில் எழுதிவருகிறோம். வீட்டாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். வேறு யாருக்கும் காட்டமாட்டோம். கிளினிக் நாளைக்கு முதல்நாள் லயத்துக்கு வந்து ஞாபகப்படுத்துவோம். போய் வந்தபின் என்ன சொன்னார்கள் என்றும் கேட்டு எழுதுவோம். நம் பாட்டிக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

உங்கள் வீட்டில் யாராவது ஒப்பரேஷன் முடிந்து வந்திருந்தால், நாங்கள் வரும்வரை காத்திராமல் நீங்களே வந்து பேர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.